நெல் மூட்டை அறையில் ரீப்பர்

போளூர்ப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுப் பின்கட்டில் எட்டடிக்குப் பத்தடியில் ஓர் அறை. தை அறுவடை முடிந்ததும் மூன்று சுவரையும் ஒட்டி நெல் மூட்டை ஏறிவிடும். உள்ளே போய்க் கை தட்டினால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பாது, மூட்டைக்குள்ளேயே அடங்கிவிடும். அம்மாவின் நடவுப்பாட்டுகளை அந்த அறையில்தான் பதிவு செய்தேன். பறைக்குத் தம்பி, பின்பாட்டுக்குப் பெரியம்மாவும் எதிர்வீட்டு அத்தையும். இந்த வேலைக்கு ஓராண்டாக நான் நம்பியிருக்கும் மென்பொருள் ரீப்பர். பல குரல்களையும் கருவிகளையும் தனித்தனியாகப் பதிந்து, பிறகு கலக்க உதவுவது. அதைப் பற்றியும் அதோடு சேர்த்து வாங்கிய நான்கைந்து பொருள்களைப் பற்றியும் எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள். கையில் இருந்தது சீட்டு எடுத்த பணம் 25,000 ரூபாய். 8 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

முதலில் செல்போனில்தான் பதிவு செய்தேன். அம்மா மட்டும் பாடியபோது நன்றாகவே இருந்தது. தம்பி பறையோடு வந்து உட்கார்ந்ததும் அம்மாவின் குரல் காணாமல் போனது. செல்போன் தானாகவே ஒலி அளவை ஏற்றி இறக்கும். குலவை வந்தால் மொத்தத்தையும் அமுக்கிவிடும், அடுத்த வரி முழுக்க ஒலி மெல்ல மேலே ஏறிக்கொண்டே இருக்கும். எல்லாம் ஒரே கோப்பில் கலந்துவிட்ட பிறகு பறையை மட்டும் குறைக்க வழியில்லை. அம்மாவுக்கு ஒரு தடம், பறைக்கு ஒரு தடம் (டிராக்) என்று தனித்தனியாகப் பிடித்தால்தான் பிறகு கூட்டிக் குறைக்க முடியும் என்று அப்போது புரிந்தது.

டவுனில் ஒரு ஸ்டுடியோவுக்கும் அம்மாவை அழைத்துப் போனேன். அவர்கள் அம்மாவின் காதில் ஹெட்போனை மாட்டி, 'டிக் டிக்' என்று தாளக்கட்டையை ஓடவிட்டு, அதற்கேற்பப் பாடச் சொன்னார்கள். நடவுப்பாட்டு ஒரே வேகத்தில் போவதில்லை. சேற்றில் இறங்கும்போது நிதானமாகத் தொடங்கும், வரப்பை நெருங்க நெருங்க ஓட்டம் பிடிக்கும். நாற்பது வருடம் அப்படிப் பாடியவர் அந்த டிக் டிக்கோடு மல்லுக்கட்டிவிட்டு, இரண்டாவது வரியிலேயே ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மணிக்கணக்குக்கு வாடகை கொடுத்துவிட்டு ஒரு பாட்டும் இல்லாமல் திரும்பினோம். அம்மாவுக்குப் பின்னால்தான் மற்றதெல்லாம் நடக்க வேண்டும், அம்மா எதற்குப் பின்னாலும் நடக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன்.

ரீப்பரை 60 நாள் காசு கொடுக்காமல் பயன்படுத்திப் பார்க்கலாம். அந்த 60 நாளும் எந்த வசதியையும் பூட்டி வைப்பதில்லை. பிறகு உரிமத்துக்கு 60 டாலர், நம் பணத்தில் ஐயாயிரத்துச் சொச்சம். சொந்தப் பயன்பாட்டுக்கும், கல்வி மற்றும் லாபநோக்கில்லாத வேலைகளுக்கும், இதை வைத்து ஆண்டுக்கு 20,000 டாலருக்கு மேல் சம்பாதிக்காதவர்களுக்கும் இந்த விலை. அதற்கு மேல் சம்பாதிக்கிறவர்கள் 225 டாலர் தர வேண்டும். இரண்டு விலைக்கும் மென்பொருள் ஒன்றேதான். குறைந்த விலைக்கு எட்டுத் தடம், கூட்டிக் கொடுத்தால் முப்பத்திரண்டு தடம் என்று ஏழைக்கொரு படியும் பணக்காரனுக்கொரு படியும் கட்டவில்லை. 7ஆம் பதிப்புக்கு வாங்கினால் 8ஆம் பதிப்பு முடியும்வரை அதே உரிமம் செல்லும். இதை முதலில் எழுதியவர் ஜஸ்டின் ஃபிராங்கல். பிரவுசிங் சென்டரில் எம்பி3 பாட்டுக் கேட்ட காலத்து வினாம்ப்பை எழுதியவரும் அவரே. விண்டோஸுக்கான நிறுவற்கோப்பு 20 எம்பிக்கும் குறைவு. செல்போன் டேட்டாவிலேயே இறக்கிவிட்டேன்.

இலவசமாக வேறு வழிகளும் உண்டு. ஆப்பிள் கணினி இருந்தால் கராஜ்பேண்ட் கூடவே வருகிறது. ஆடாசிட்டி எல்லாக் கணினியிலும் ஓடும், பல தடத்தையும் தாங்கும். ஒரே குரலைப் பதிவு செய்து வெட்டி ஒட்ட மட்டும் என்றால் ஆடாசிட்டி போதும், காசு செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வேன். தடங்கள் பத்தைத் தாண்டி, ஒவ்வொன்றையும் பாட்டு ஓடும்போதே மாற்றி மாற்றிக் கேட்க வேண்டிய நிலை வந்தபோதுதான் எனக்கு ரீப்பர் தேவைப்பட்டது.

மைக்கின் ஒலியைக் கணினிக்குள் கொண்டுபோக பெரிங்கர் யூஎம்சி202எச்டி என்ற ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி. பத்தாயிரத்துக்குள் முடிந்தது. இரண்டு மைக் செருகலாம், 24 பிட்டில் பதியும். மின்சாரத்தை மடிக்கணினியின் யூஎஸ்பி வழியாகவே எடுத்துக்கொள்கிறது. எங்கள் ஊரில் இது பெரிய விஷயம். இரவில் கரண்ட் போனால் ஊரே அமைதியாகும். ஃபேன், மோட்டார், டிவி எதுவும் இருக்காது. மடிக்கணினி பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும், நாங்கள் உட்கார்ந்து பதிவு செய்வோம். எங்களுடைய சுத்தமான தடங்களில் பாதிக்குமேல் கரண்ட் இல்லாத நேரத்தில் கிடைத்தவை.

மைக்குக்குக் காசே கொடுக்கவில்லை. தெருமுனையில் மைக் செட் வைத்திருக்கும் அண்ணன் முகூர்த்தம் இல்லாத நாட்களில் இரண்டு ஷூர் எஸ்எம்58 மைக்குகளைக் கொடுத்துவைத்தார். 1966இல் வந்த மாதிரி அது. திருவிழா மேடையில் பார்க்கும் அதே உருண்டைத் தலை மைக். கண்டென்சர் மைக்தான் ஸ்டுடியோவுக்கு என்று பலர் சொல்வார்கள். கண்டென்சர் அம்மாவின் மூச்சையும் பிடிக்கும், தெருவில் போகும் டிராக்டரையும் பிடிக்கும். அடைத்து வைக்காத வீட்டில், சாதாரண டைனமிக் மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளி வைப்பதே நல்லது. கண்டென்சருக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரமும் இதற்குத் தேவையில்லை. மைக் செட் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஊர்ப்பாட்டைப் பதிவு செய்கிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

மீதிப் பணத்தில் ஸ்டாண்டு, கேபிள், இரண்டு ஹெட்போன். ஹெட்போன் காதை முழுக்க மூடுவதாக, வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத்தில் ஒலி தாமதமாக வரும், அதைக் கேட்டு வாசித்தால் பறை பின்தங்கும். காதை மூடாத வகையானால் அதிலிருந்து கசியும் பாட்டு மைக்கில் ஏறிவிடும்.

முதல் நாள் அம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டு வரி பாடியதுமே நிறுத்தினார். "யாரோ என் பின்னாலயே பாடுறாங்க கண்ணு" என்றார். அம்மா சொன்னது சரி. யூஎம்சியில் ஒரு பொத்தான் இருக்கிறது, மைக் ஒலியைக் கணினிக்குள் போகும் முன்பே நேராக ஹெட்போனுக்கு அனுப்பும். அதை அழுத்தி வைத்திருந்தேன். ரீப்பரிலும் அந்தத் தடத்தைக் கேட்கும் வசதி திறந்தே இருந்தது. ஒரே குரல் நேராக ஒரு முறை, கணினியைச் சுற்றிவிட்டு மறுமுறை. ரீப்பரில் தடத்துக்குப் பக்கத்திலிருக்கும் ஒலிபெருக்கிப் பொத்தானை அணைத்ததும் சரியானது. கணினி வழியாகவே கேட்க வேண்டுமென்றால் பஃபர் அளவை, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்துவைத்து அனுப்பும் ஒலித்துண்டின் அளவை, குறைக்க வேண்டும்: 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் என்றால் 5.3 மில்லிசெகண்டு, 1024 என்றால் 21. இது போகும் வழிக்கு மட்டுமான கணக்கு, திரும்பி வரும் வழிக்கு இன்னொரு முறை கூட்ட வேண்டும். பழைய மடிக்கணினியில் 256க்குக் கீழே போனால் ஒலி வெடித்து வெடித்து வந்தது. நேர்வழிப் பொத்தான் இருக்கும்போது இந்தக் கவலையே வேண்டாம். முன்பே பதிந்த தடத்தைக் கேட்டுப் பாடும்போது, யூஎம்சியைக் கணினியோடு இணைக்கும் டிரைவர் மென்பொருள் சொல்லும் தாமதத்தை ரீப்பரே கழித்துப் புதிய தடத்தைச் சரியான இடத்தில் வைத்துவிடுகிறது.

இவ்வளவு செய்தும் அம்மாவுக்குப் பாட்டு வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து பாடியதே இல்லை அவர். முறத்தில் முருங்கைக்கீரையைக் கொடுத்தேன், பாட்டு வந்தது, கீரை உருவும் சத்தமும் கூடவே பதிந்தது. பிறகு ஈரத்துணியை நாற்றுக்கட்டு அளவுக்குச் சுருட்டிக் கையில் கொடுத்தேன். அதைப் பிரிப்பதும் சேர்ப்பதுமாக இருந்தார், சத்தமில்லை, பதினோரு நிமிடம் நிற்காமல் பாடினார். அதுதான் முதல் தடம். தாளக்கட்டை இல்லை. திரையில் தெரியும் கட்டத்தோடு ஒட்டவைக்கும் 'ஸ்னாப்' வசதியை அணைத்துவிட்டேன். ரீப்பருக்குக் கட்டம் வேண்டும் என்ற பிடிவாதம் கிடையாது. திரையில் ஓடும் நேரம் வெறும் நிமிடமும் நொடியுமாகவே இருக்கலாம். பிறகு தேவைப்பட்டால் பாட்டின் வேகத்தை அளந்து அதற்கேற்பக் கட்டத்தை வளைத்துக்கொள்ளவும் முடியும்.

மைக்கின் ஒலி அளவு வைப்பதில் குலவை கற்றுக்கொடுத்த பாடம் உண்டு. வரியைப் பாடவைத்து அளவு வைத்தால், குலவை வரும்போது ஊசி உச்ச அளவான 0 டெசிபலைத் தொட்டு அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருப்பித் தர முடியாது. அதனால் இப்போது முதலில் குலவை போடச் சொல்லி, அது மைனஸ் 6ஐத் தாண்டாதபடி வைக்கிறேன். வரிகள் மைனஸ் 20 பக்கம் கிடக்கும். பதிவான அலை திரையில் சிறுத்துத் தெரியும், பயப்பட வேண்டாம். 24 பிட்டில் பிறகு ஏற்றினாலும் இரைச்சல் கூடவே எழுந்து வந்து தொல்லை கொடுப்பதில்லை.

பறை வேறு கதை. தம்பி பறையை வாசலில் வைக்கோல் தீயில் காய்ச்சிக்கொண்டு வருவான். காய்ச்சிய சூட்டில் தோல் இறுகிக் கணீரென்று இருக்கும். சூடு ஆற ஆறத் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். முதல் டேக் (ஒரு முறை வாசித்துப் பதிவது) முடித்து, கேட்டுவிட்டு, தேநீர் குடித்துவிட்டு இரண்டாவது டேக் எடுத்தால் இரண்டும் வேறு வேறு பறை போலக் கேட்கும். தனித்தனியாகக் கேட்டால் தெரியாது, ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் காது கூசும். பல தடமாகப் பதிவு செய்யும்போதுதான் இந்தத் தொல்லை வருகிறது, எந்தக் கையேட்டிலும் இது இல்லை. நாங்கள் கண்ட வழி: ஒரு காய்ச்சலுக்கு ஒரு டேக். அடுத்த டேக்குக்கு முன் மறுபடி காய்ச்சி, முதல் டேக்கின் தொடக்கத்தை ஹெட்போனில் கேட்டு, சுருதி சேரும்வரை காத்திருந்து அடிப்பது. "இப்ப சேந்துச்சுக்கா, ஓட்டு" என்பான். நான் பதிவுப் பொத்தானை அழுத்துவேன். மழைக்காலத்தில் ஒரு மாலைக்கு மூன்று டேக்குக்கு மேல் முடியவில்லை.

பறைக்கு இரண்டு மைக் வைத்தோம். முன்னால் மூன்றடி தள்ளி ஒன்று, குச்சிகள் தோலில் படும் ஓசைக்கு. பின்னால் திறந்த பக்கத்தில் ஒன்று, உள்ளிருந்து வரும் கனத்துக்கு. இரண்டையும் சேர்த்துக் கேட்டபோது கனம் கூடவில்லை, ஒல்லியாகிவிட்டது. தோல் ஒரு மைக்கை நோக்கி வரும்போது இன்னொன்றைவிட்டு விலகுகிறது. ஒன்று ஏறும் நேரத்தில் மற்றது இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. ரீப்பரில் ஒவ்வொரு தடத்திலும் வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட சின்னப் பொத்தான் இருக்கிறது. பின் மைக் தடத்தில் அதை அழுத்தினேன். அடிவயிற்றில் அதிர்வு வந்தது. தம்பி எழுந்து நின்றுவிட்டான். காசு கொடுத்து வாங்கிய எதைவிடவும் அந்தப் பொத்தான்தான் பறைக்கு அதிகம் செய்தது.

7ஆம் பதிப்பில் ஒரே தடத்தில் பல டேக்குகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் நல்ல துண்டைச் சுட்டியால் இழுத்துத் தேர்ந்தெடுத்து ஒரே டேக்காக்கும் வசதி வந்திருக்கிறது. பறைக்கு அது அருமை. அம்மாவுக்கு ஒரு பயனும் இல்லை. அம்மா ஒரு பாட்டை ஆறு முறை பாடினால் ஆறு பாட்டு. வரிகள் மாறும், இடையில் வரும் ஊர்ப்பேர் மாறும், ஒரு முறை கங்காணியைத் திட்டுவார், மறுமுறை அவரை மன்னித்துவிடுவார். நல்ல துண்டுகளைக் கோத்து ஒன்றாக்க முயன்று கைவிட்டேன். இப்போது ஆறையும் ஆறாகவே வைத்திருக்கிறேன். பேச்சையும் எழுதிவைத்த பாட்டையும் பதிவு செய்கிறவர்களுக்கு இந்த வசதி நேரம் மிச்சப்படுத்தும்.

பதிந்த ஒலியைத் திருத்த ரீப்பரோடு கூடவே வரும் கருவிகள் போதுமா என்று கேட்பவர்களுக்கு: போதும். கனத்த ஒலி, மெல்லிய ஒலி என்று பிரித்துக் கூட்டிக் குறைக்கும் ரியாஈக்யூவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் அம்மாவின் தடத்தில் தரையிலிருந்து ஏறிய உறுமல் போய்விடும். பெருஞ்சத்தத்தை அமுக்கும் ரியாகாம்ப்பைக் குலவைக்கு மட்டும் லேசாக வைத்தேன். தூரத்துப் பம்புசெட்டின் ரீங்காரத்தை ரியாஃபிர் கழித்துக் கொடுக்கும். பாட்டில்லாத இரண்டு நொடியைக் காட்டினால் அது இரைச்சலின் உருவத்தைப் படித்துக்கொள்ளும். அளவு மீறினால் குரல் தண்ணீருக்கடியிலிருந்து வருவது போலாகிவிடும். ரீங்காரம் கொஞ்சம் இருந்தால் இருக்கட்டும். தமிழில் தடங்களுக்குப் பெயர் வைக்கலாம்: 'அம்மா', 'பறை முன்', 'பறை பின்', 'அத்தை எட்டிநின்று'.

குறைகளைச் சொல்லாமல் விடக்கூடாது. ரீப்பரைத் திறந்தால் வெறும் சாம்பல் நிறத் திரை. பியானோ, தபலா, தயாராக உள்ள தாளத்துண்டு என்று எதுவும் கூட வருவதில்லை. கீபோர்டு வைத்துப் பாட்டமைக்க நினைப்பவர்கள் இசைக்கருவி ஒலிகளைத் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும். மெனுக்கள் ஏராளம். ஒரே வேலைக்கு நான்கு வழி இருக்கும், நமக்கு வேண்டியது எது என்று கண்டுபிடிக்கவே இரண்டு வாரம் ஆனது. கென்னி ஜியோயா என்பவர் செய்த விளக்கக் காணொலிகள் ரீப்பரின் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன, நிதானமான ஆங்கிலம். அவை இல்லாவிட்டால் பாதியில் விட்டிருப்பேன்.

இடமும் வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்கு 8.6 எம்பி. ஏழு நிமிடப் பாட்டு, 22 தடம் என்றால் 1.3 ஜிபி. சேமிக்கும்போது ஒலிக்கோப்புகளையும் அதே கோப்புறைக்குள் நகலெடுக்கும் பெட்டியில் மறக்காமல் குறியிடுங்கள். நான் ஒருமுறை குறியிடாமல் கோப்புறையை மட்டும் பென் டிரைவில் நகர்த்தினேன், திறந்தால் தடங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. ஒலி பழைய இடத்திலேயே இருந்ததால் தப்பித்தேன். அன்றிலிருந்து இரண்டு தனி ஹார்டு டிஸ்க்கில் நகல் வைக்கிறேன். அம்மாவுக்கு இப்போது வயது 71.

22 தடமா என்று கேட்கலாம். 1979இல் வந்த டியாக் போர்ட்டாஸ்டுடியோ கேசட்டில் நான்கு தடம்தான் பதியும். வீட்டிலிருந்தே பல தடம் பதியலாம் என்று காட்டியது அது. நான்குக்கு மேல் வேண்டுமென்றால் மூன்றைக் கலந்து நான்காவதில் ஏற்ற வேண்டும், ஏற்றிய பிறகு பிரிக்க முடியாது. அந்தக் கட்டாயம் எனக்கிருந்தால் பின்பாட்டைச் செய்திருக்கவே முடியாது.

நடவில் ஒருவர் முன்பாட்டுச் சொல்ல, வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் வாங்கிப் பாடுவார்கள். அம்மாவின் நடவுக்கூட்டத்தில் பதினான்கு பேர் இருந்தார்கள். இப்போது பாடக்கூடியவர்கள் அம்மா, பெரியம்மா, எதிர்வீட்டு அத்தை மூவர்தான். ஒரு தடத்தை நகலெடுத்துப் பக்கத்தில் வைத்தால் கூட்டம் வராது, சத்தம் மட்டும் கூடும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாட வேண்டும். மூவரும் தனித்தனியாக நான்கு முறை பாடினார்கள். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றினேன்: மைக்குக்கு ஒரு சாண், மூன்றடி, ஐந்தடி, கடைசியாக அறை வாசலில் நின்று. பன்னிரண்டு தடம். அவற்றை இடமிருந்து வலமாகப் பரப்பி, வாசலில் நின்று பாடியவற்றை ஓரங்களில் வைத்தேன். வயல் அகலமானது.

அன்றிரவு அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கவைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "எல்லாரும் எல்லா வரியும் பாடுறாங்களே கண்ணு, அப்படி வராது" என்றார். "நாத்துமுடி தீந்தவங்க குனிஞ்சு அடுத்த முடியை எடுத்துப் பிரிப்பாங்க. அந்த நேரம் வாயைத் திறக்க மாட்டாங்க. எப்பவும் ரெண்டு மூணு பேரு அப்படித்தான் இருப்போம்."

ரீப்பரில் ஒரு துண்டை மட்டும் ஊமையாக்குவது எளிது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வரி வரியாக ஓட்டினேன். "இங்க அண்ணி குனியுறா" என்றால் பெரியம்மாவின் ஒரு துண்டை அணைத்தேன். "இங்க நான்." அம்மாவின் மூன்றாவது தடம். வரப்புக்கு ஆறு வரி இருக்கும்போது, "இனிமே யாரும் குனிய மாட்டாங்க, முடிக்கிற அவசரம்" என்றார். அங்கிருந்து பன்னிரண்டையும் திறந்துவிட்டேன்.